‘வீடியோ கேம் மாதிரி இருக்கு’

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு சிறுகதைக் கலந்துரையாடல். இருபது பேர், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்து மேசையில் கறிபாப்பும் தேநீரும். அன்று பேசப்பட்ட கதையில் ஒரு பெண் அடுக்குமாடி வீட்டின் பதினோராவது மாடியிலிருந்து விழுகிறாள். தரைக்கு ஓர் அடி இருக்கும்போது நின்றுவிடுகிறாள். மூன்று நாள் அப்படியே அந்தரத்தில் நிற்கிறாள். எழுதிய பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். மூத்தவர் ஒருவர் எழுந்தார். “தம்பி, இது கதை இல்ல. வீடியோ கேம் மாதிரி இருக்கு. காரண காரியம் ஒன்னும் கெடையாது. யார் வேணும்னாலும் பறக்கலாம், யார் வேணும்னாலும் நிக்கலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரயிலில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. கதையைப் பற்றி அவர் சொன்னது சரியா தவறா என்பதற்குப் பிறகு வருகிறேன். வீடியோ கேமைப் பற்றி அவர் சொன்னது முழுப் பிழை. அது அவர் ஒருவருடைய பிழையும் இல்லை. காரண காரியம் இல்லாத எதற்கும் ‘வீடியோ கேம்’ என்று பெயர் வைப்பது நம் விமர்சன மேடைகளில் பழக்கமாகிவிட்டது. கேம் விளையாடாத பெரியவர்கள் இதைச் சொல்கிறார்கள். விளையாடுகிற நாம் தலையாட்டுகிறோம்.

கேம்களில் இயற்பியல் விதிகள் மீறப்படுவதில்லை என்று நான் வாதாடப் போவதில்லை. அப்பட்டமாக மீறப்படுகின்றன. 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மாரியோ தரையை விட்டுக் கிளம்பிய பிறகும் காற்றிலேயே திசை மாற்றுவார். நீங்களும் நானும் குதித்தால், கால் தரையை விட்ட அந்தக் கணத்திலேயே நம் பாதை முடிவாகிவிடும். கையைக் காலை உதறலாம், விழும் இடத்தை மாற்ற முடியாது. மாரியோவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எவ்வளவு உயரம் குதிப்பது என்பதைக்கூட அவர் கிளம்பிய பிறகுதான் தீர்மானிக்கிறார். பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால் அதிக உயரம், விட்டால் குறைவு. பட்டனைப் பிடித்தபடி மேலே போகும்போது ஓர் ஈர்ப்புவிசை, கீழே வரும்போது அதைவிடக் கடுமையான வேறோர் ஈர்ப்புவிசை.

‘மைன்கிராஃப்ட்’ இன்னும் மோசம். மரத்தின் அடிப்பகுதியை வெட்டி எடுங்கள், மேல்பகுதி அந்தரத்தில் நிற்கும். ஒரு கட்டை என்பது ஒரு கன மீட்டர். ஒருவர் தன் பையில் 36 இடங்களில், இடத்துக்கு 64 வீதம் 2,304 கட்டைகள் சுமக்கலாம். அத்தனையும் தங்கக் கட்டைகளாக இருந்தால்? ஒரு கன மீட்டர் தங்கம் 19 டன்னுக்கும் மேல். மொத்தம் 44,000 டன்னைத் தாண்டும். அதைத் தூக்கிக்கொண்டு ஆள் ஓடுவார், ஏணி ஏறுவார், ஆற்றில் நீந்துவார்.

இந்த மாதிரிப் பட்டியல் போட்டுச் சிரிக்கும் வீடியோக்கள் யூடியூபில் ஏராளம். பார்க்க ஜாலிதான். ஆனால் பட்டியல் போடுகிறவர்களும் நம் மூத்தவரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். உலகத்தில் விதி என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, கேம் அதை மதிக்கத் தவறிவிட்டது என்று இருவருமே நினைக்கிறார்கள்.

கேமுக்குள் ஏற்கெனவே எதுவும் இல்லை. இதை ஒருமுறை புரிந்துகொண்டால் போதும். நாவலில் ‘அவன் கையிலிருந்து கோப்பை நழுவியது’ என்று எழுதினால் மிச்சத்தை வாசகரே பார்த்துக்கொள்வார். கோப்பை மேலே போகுமா கீழே போகுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். நாவலாசிரியருக்கு ஈர்ப்புவிசை இனாம். கேம் செய்பவருக்கு அது கிடையாது. கோப்பை கீழே போக வேண்டும் என்று யாராவது எழுதினால்தான் போகும். தரை அதைத் தடுக்க வேண்டும் என்று தனியாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் கோப்பை தரைக்குள் புகுந்து போய்க்கொண்டே இருக்கும்.

எழுதினாலும் சிக்கல் தீராது. கேமில் காலம் ஓடுவதில்லை, தத்துகிறது. விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் உலகம் ஒரு விநாடியில் 60 முறை புதிதாகக் கணக்கிடப்படுகிறது. இரண்டு கணக்குகளுக்கு நடுவே ஒன்றுமே நடப்பதில்லை. விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் போகும் தோட்டா ஒரு ஃப்ரேமுக்கு 15 மீட்டர் தாவும். இந்தப் பக்கம் இருந்தது, அடுத்த கணக்கில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும். சுவரைத் தொட்டதாகவே கணினிக்குத் தெரியாது. அதனால்தான் ‘கவுண்டர்-ஸ்டிரைக்’ போன்ற கேம்களில் தோட்டாவே கிடையாது. சுட்டவுடன் துப்பாக்கி முனையிலிருந்து ஒரு நேர்கோடு போட்டு, அது எதில் இடிக்கிறது என்று பார்த்துவிடுகிறார்கள். தோட்டா எல்லையற்ற வேகத்தில் போனதாகக் கணக்கு. மீறல்தான். ஆனால் தெரிந்தே, காரணத்தோடு, ஒருவர் மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவு.

எல்லா மீறலும் இப்படி யாரோ எடுத்த முடிவு என்பதற்கு கேம்களின் தொடக்க வரலாறே சாட்சி. 1958இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் பார்வையாளர் நாளுக்காக வில்லியம் ஹிகின்போதம் என்ற இயற்பியலாளர் ‘டென்னிஸ் ஃபார் டூ’ என்ற விளையாட்டைச் செய்தார். அலைவுகாட்டித் திரையில் ஒரு ஒளிப்புள்ளி வலைக்கு மேலே போய் வரும். அந்த அனலாக் கணினியின் கையேட்டில் தோட்டா, ஏவுகணை, துள்ளும் பந்து ஆகியவற்றின் பாதையைக் கணக்கிடும் முறை இருந்தது. அதிலிருந்துதான் அவருக்கு யோசனை பிறந்தது. அடுத்த வருடம் அதே விளையாட்டை மேம்படுத்தியபோது நிலாவின் ஈர்ப்புவிசையிலும் வியாழனின் ஈர்ப்புவிசையிலும் விளையாட வசதி செய்தார். கவனியுங்கள், இரண்டாம் வருடமே ஈர்ப்புவிசை திருகி மாற்றக்கூடிய ஒரு குமிழாகிவிட்டது.

1962இல் எம்.ஐ.டி. மாணவர்களும் நண்பர்களும் பிடிபி-1 கணினியில் ‘ஸ்பேஸ்வார்’ செய்தார்கள். திரையின் நடுவே ஒரு நட்சத்திரம் இரண்டு விண்கலங்களையும் இழுக்கும். கலங்கள் ஏவும் குண்டுகளை மட்டும் இழுக்காது. அத்தனை குண்டுகளுக்கும் ஈர்ப்பைக் கணக்கிட அந்தக் கணினிக்குத் திராணி இல்லை. ஒரே வானத்தில் ஒரு பொருளுக்கு ஒரு விதி, இன்னொரு பொருளுக்கு வேறு விதி. விளையாடியவர்கள் அதைக் கற்றுக்கொண்டு விளையாடினார்கள். ஏனென்றால் அந்த விதி ஒருநாளும் மாறவில்லை.

எனவே கேள்வி ‘விதி மீறப்பட்டதா’ என்பதாக இருக்க முடியாது. எழுதிய விதியை கேம் கடைசிவரை காப்பாற்றுகிறதா, அந்த விதி யாருக்கு உதவுகிறது, எதை மறைக்கிறது என்பவைதான் கேட்க வேண்டியவை. என் சண்டையெல்லாம் இந்தக் கேள்விகளுக்காகத்தான்.

யாருக்கு உதவுகிறது என்பதை முதலில் பார்ப்போம். 1981இல் வந்த ‘டாங்கி காங்’கில் மாரியோ தன் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகமான உயரத்திலிருந்து விழுந்தாலே செத்துப்போவார். நான்கு வருடம் கழித்து ‘சூப்பர் மாரியோ’வில் எங்கிருந்து விழுந்தாலும், கீழே தரை இருந்தால் போதும், ஒன்றும் ஆகாது. இரண்டிலும் ஷிகெரு மியாமொட்டோவின் கைதான். முதலாவதில் சாரங்கள்மேல் ஏறுகிற பயம் வேண்டியிருந்தது. இரண்டாவதில் குதிப்பதன் சந்தோஷம் வேண்டியிருந்தது. ஆகவே ஈர்ப்புவிசையின் தண்டனையை எடுத்துவிட்டார்கள்.

2018இல் வந்த ‘செலஸ்ட்’ இன்னும் நுட்பமானது. மன உளைச்சலோடு போராடும் மேடலின் என்ற பெண் ஒரு மலையேறுகிறாள். பயங்கரக் கடினமான கேம். நூற்றுக்கணக்கான முறை செத்துச் செத்துத்தான் மேலே போக முடியும். ஆனால் உள்ளே ஒரு ரகசியம் இருக்கிறது. பாறையின் விளிம்பைத் தாண்டிக் கால் வெறுங்காற்றில் இருக்கும்போதும், விநாடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு அவளால் குதிக்க முடியும். கார்ட்டூனில் ஓநாய் மலைமுகட்டைத் தாண்டி ஓடி, கீழே பார்க்கும்வரை விழாமல் இருக்குமே, அதை நினைத்து இதற்குக் ‘கயோட்டி டைம்’ என்று பெயர். குதிப்பின் உச்சியில் பட்டனை விடாமல் இருந்தால் ஈர்ப்புவிசை பாதியாகக் குறையும். தலை பாறை முனையில் லேசாக இடித்தால் கேமே அவளைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிடும். கேமை உருவாக்கிய மேடி தோர்சன் இதையெல்லாம் மறைக்காமல் வெளியே சொல்லியிருக்கிறார்.

எதற்கு இத்தனை பொய்? நம் கண் பார்த்து, மூளை முடிவு செய்து, விரல் அழுத்துவதற்குள் விநாடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஓடிவிடுகிறது. விளிம்பில் அழுத்தியதாக நாம் சத்தியம் செய்வோம். கணினிக் கணக்குப்படி தாமதமாக அழுத்தியிருப்போம். கணினியின் பேச்சைக் கேட்பதா, மனிதரின் எண்ணத்தைக் கேட்பதா என்ற இடத்தில் ‘செலஸ்ட்’ மனிதரின் பக்கம் நிற்கிறது. இயற்பியலை மீறித்தான் நிற்க முடிகிறது. கடுமையாக இருக்கலாம், ஆனால் அநியாயம் செய்யக்கூடாது என்கிற ஒரு நெறி அந்தப் பத்தில் ஒரு பங்கு விநாடியில் இருக்கிறது. இதை வாசிக்கத் தெரியாமல் ‘ஃபிசிக்ஸ் தப்பு’ என்று சொல்வது, யாப்பைப் பார்த்து ‘யாரும் இப்படிப் பேச மாட்டாங்களே’ என்று சொல்வதற்குச் சமம்.

இயற்பியலை அப்படியே கடைப்பிடித்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசையா? பென்னட் ஃபாடி 2008இல் செய்த ‘க்யூவாப்’ விளையாடிப் பாருங்கள். ஓட்டப்பந்தய வீரரின் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் தனித்தனி பட்டன். எடை, மூட்டு, உராய்வு எல்லாம் கறாராகக் கணக்கிடப்படும். இரண்டாவது அடியிலேயே வீரர் மல்லாக்க விழுவார். வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஓடுகிற அனுபவம் மட்டும் வராது.

அடுத்தது, காப்பாற்றுவது. மைன்கிராஃப்டில் மரம் அந்தரத்தில் நிற்கும் என்றேன். ஆனால் மூன்று கட்டை உயரம்வரை விழுந்தால் அடிபடாது, அதற்கு மேல் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு அளவு உயிர் குறையும், முழு உயிரோடும் கவசம் எதுவும் இல்லாமலும் 23 கட்டை உயரத்திலிருந்து தரையில் விழுந்தால் சாவு. எந்த மலையிலும் எந்த நாளிலும் இதே கணக்கு. கல் மிதக்கும், மணல் விழும், அதுவும் மாறாது. பத்து வயதுப் பிள்ளைகள் இந்த விதிகளைச் சோதித்து, குறித்துவைத்து, அவற்றின்மேல் கோட்டை கட்டுகிறார்கள். காரண காரியம் இல்லாத உலகத்தில் யாராலும் கோட்டை கட்ட முடியாது, ஐயா.

இது நமக்குப் புதிதும் இல்லை. அனுமன் கடலைத் தாண்டினான் என்றால் நாம் நியூட்டனைக் கூப்பிடுவதில்லை. ஆனால் அந்தப் பாய்ச்சலைக் கவனமாக வாசித்தால் கவி எவ்வளவு பொறுப்போடு மீறுகிறார் என்று தெரியும். அனுமன் காலை ஊன்றி அழுத்தும்போது மகேந்திர மலை நசுங்குகிறது. விலங்குகள் வெருண்டு ஓடுகின்றன. பாய்ச்சலின் விலையை மலை கொடுக்கிறது. வினைக்கு எதிர்வினை இருக்கிறது. நம் சினிமாவில் கதாநாயகன் உதைத்துப் பத்துப் பேர் பறக்கும்போது அவர் கால் ஓர் அங்குலம்கூடப் பின்னால் வருவதில்லையே, அங்கேதான் நமக்குச் சலிப்பு தட்டுகிறது. பறப்பதில் தவறில்லை, விலை கொடுக்க ஆளில்லை என்பதுதான் உறுத்துகிறது.

இப்போது கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எதை மறைக்கிறது?

‘தத்ரூபம்’ என்று விளம்பரம் செய்துகொள்ளும் போர் கேம்களைப் பாருங்கள். ‘பப்ஜி’யில் தோட்டா நிஜமாகவே பறக்கும், தூரம் கூடக்கூட ஈர்ப்புவிசையால் கீழிறங்கும், குறியைச் சற்று மேலே வைத்துச் சுட வேண்டும். கச்சிதமான இயற்பியல். அந்தத் தோட்டா பட்ட மனிதர் என்ன ஆகிறார்? ஒரு பெட்டியாகிறார். உடல் மறைந்துவிடும், பெட்டியைத் திறந்து அவருடைய துப்பாக்கியையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு போகலாம். 2005இல் வந்த ‘கால் ஆஃப் டியூட்டி 2’இல் குண்டடி பட்டால் திரை சிவக்கும், சுவருக்குப் பின்னால் சில விநாடி பதுங்கியிருந்தால் காயம் தானாக ஆறிவிடும். அதன்பிறகு எத்தனையோ போர் கேம்கள் இதே வழியைப் பிடித்துக்கொண்டன. தோட்டா எத்தனை சென்டிமீட்டர் இறங்கும் என்பதில் இத்தனை அக்கறை. அது உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்பதில் ஒன்றுமில்லை.

இதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு என்று டெவலப்பர் நண்பர்கள் சொல்வார்கள். நூறு பிணங்களைத் திரையில் வைத்திருந்தால் மெமரி தாங்காது. காயத்தோடு நொண்டிக்கொண்டே விளையாட வைத்தால் ஆட்டத்தின் வேகம் போய்விடும். ஒப்புக்கொள்கிறேன். ‘ஸ்பேஸ்வார்’ குண்டுக்கும் அதே மாதிரிக் காரணம்தானே சொன்னேன்! ஆனால் ‘ஸ்பேஸ்வார்’ தன்னைத் தத்ரூபம் என்று சொல்லி விற்கவில்லை. ‘மொபைல் லெஜண்ட்ஸ்’ஸில் செத்த வீரர் கொஞ்ச நேரத்தில் தன் தளத்தில் எழுந்து வருவார், ஆட்டம் நீள நீள அந்தக் காத்திருப்பும் கூடும். மரணத்தின் விலையைத் திரையிலேயே எண்ணிக் காட்டுகிறது, அதை யாரும் போர் என்று நம்புவதில்லை. தோட்டாவின் பாதையை மட்டும் துல்லியமாக்கி, அதைக் காட்டியே ‘போர் இப்படித்தான்’ என்று நம்பவைப்பதுதான் மோசடி. சரியான இயற்பியல் இங்கே பொய்ச் சாட்சி சொல்கிறது.

இதற்கு எதிர்ப்புறத்தில் ஒரு கேம் இருக்கிறது. 2014இல் போலந்திலிருந்து வந்த ‘திஸ் வார் ஆஃப் மைன்’. முற்றுகையிடப்பட்ட ஒரு நகரத்தில், இடிந்த வீட்டில் பதுங்கியிருக்கும் சாதாரண மனிதர்களைப் பற்றியது. வீட்டைப் பக்கவாட்டில் வெட்டிவைத்த மாதிரிப் படம். தோட்டா இறங்குகிற கணக்கெல்லாம் அங்கே பெரிதில்லை. ஆனால் காயம் பட்டவர் மெதுவாக நடப்பார். கட்டுப்போடத் துணி இல்லையென்றால் காயம் முற்றும். பை சிறியது, உணவை எடுத்தால் மருந்துக்கு இடமிருக்காது. செத்தவர் திரும்ப மாட்டார். அவரோடு இருந்தவர் துக்கத்தில் முடங்கிப்போவார். 44,000 டன் தங்கத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய கைகளுக்கு, ஒரு டின் உணவைத் தூக்குவதா வேண்டாமா என்று தவிக்கும் இடம் அது. இரண்டில் எது எடையை எழுதியது என்று நீங்களே சொல்லுங்கள்.

கேம்களை விட்டுவிட்டு நம் கதைகளுக்கு வருவோம். இங்கே எதார்த்தம் என்பது ஏறக்குறைய ஒரு மதம். தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும் நேரம் சரியாக இருக்கிறதா, வாளியின் அளவு சரியா, அடுக்குமாடியின் மின்தூக்கி எந்தெந்த மாடியில் நிற்கும், எல்லாவற்றையும் சரிபார்க்கிறோம். தோட்டா இறங்குகிற சென்டிமீட்டர் கணக்கு மாதிரிதான். அந்தக் கதைகளில் ஒரு தாய் செத்தால் இரண்டு பத்தியில் துக்கம் முடிந்து, அடுத்த பத்தியில் மகன் பட்டம் வாங்கிவிடுகிறான். சுவருக்குப் பின்னால் பதுங்கிக் காயம் ஆற்றிக்கொள்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே யாரும் எழுந்து ‘வீடியோ கேம் மாதிரி இருக்கு’ என்று சொல்வதில்லை. சொல்லியிருந்தால் அது சரியான விமர்சனமாக இருந்திருக்கும்.

அந்தரத்தில் நின்ற பெண்ணின் கதைக்கு வருகிறேன். அன்றிரவு அதைத் திரும்பப் படித்தேன். நல்ல கதை என்று சொல்ல மாட்டேன். மூன்று நாள் அவள் அங்கே நிற்கிறாள், அவளுக்குப் பசிக்கவில்லை. முதல் நாள் மழையில் நனைகிறாள், இரண்டாம் நாள் மழை அவள்மேல் படவில்லை. கீழ்வீட்டுக்காரர் ஒருவர் அவளைப் பார்க்கிறார், பிறகு கதையில் அவரைக் காணவில்லை. நான்காம் நாள் அவள் இறங்கி நடந்து போகிறாள், அந்தக் கட்டடத்தில் ஒரு பேச்சு இல்லை. எழுதியவன் ஒரு விதியை உண்டாக்கினான், அதைக் காப்பாற்றவில்லை. அவள் நின்றதற்கான விலையை யாரிடமும் வாங்கவில்லை. மகேந்திர மலை நசுங்கவே இல்லை. உருப்படியான எந்த கேம் டெவலப்பரும் இந்த நிலையில் அதை வெளியே விட்டிருக்க மாட்டார்.

இதைத்தான் அந்தக் கூட்டத்தில் யாராவது சொல்லியிருக்க வேண்டும். ‘பறக்கலாம் தம்பி, தாராளமா பறக்கட்டும். ஆனா மழை அவமேல படுமா படாதா, அத முடிவு பண்ணு’ என்று சொல்லியிருந்தால் அவன் வீட்டுக்குப் போய் அந்தக் கதையைத் திருத்தியிருப்பான். நாங்கள் சிரித்தோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவன் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

2019இல் மொபைல் லெஜண்ட்ஸின் முதல் உலகப் போட்டி கோலாலம்பூரில்தான் நடந்தது. 2023இல் ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரம் சிங்கப்பூரில் நடந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் தினமும் பல மணி நேரம் யாரோ எழுதிய ஈர்ப்புவிசைக்குள் வாழ்கிறார்கள். அதை யார் எழுதினார், ஏன் அப்படி எழுதினார் என்று கேட்கத் தமிழில் எத்தனை கட்டுரைகள் இருக்கின்றன? சினிமாவுக்கு இருக்கிற மாதிரி கேமுக்கு ஒரு விமர்சன மொழி நமக்கு வேண்டும். அதை மூத்தவர்கள் வந்து உண்டாக்கித் தர மாட்டார்கள். விளையாடி, செத்து, திரும்ப எழுந்து வந்த நாம்தான் எழுத வேண்டும்.

அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். அடுத்த கூட்டத்தில் யாராவது ‘வீடியோ கேம் மாதிரி இருக்கு’ என்று சொன்னால் சிரிக்காதீர்கள். மரியாதையாகக் கேளுங்கள்: “எந்த கேம், ஐயா?”